ஒரே வீட்டில் இரண்டு ஹால் டிக்கெட்

2024 ஜனவரி கடைசியில், அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்தது. 6,244 இடங்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஒரே செல்போனில் விண்ணப்பித்தோம். சமச்சீர் புத்தகமும் ஒரே செட்தான். குழந்தை தூங்கியதும் அவர் கேள்வி கேட்பார், நான் பதில் சொல்வேன். அந்த நாட்கள் நன்றாகவே இருந்தன.

சிக்கல் மாதிரித் தேர்வில் தொடங்கியது. கோச்சிங் சென்டரில் மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். தமிழ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கில் அவர் கெட்டி. மொத்தத்தில் மூன்று வாரம் தொடர்ந்து நான் மேலே இருந்தேன். மூன்றாவது வாரம் பைக்கில் வீடு வந்து சேரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. சாப்பிடும்போது, "உனக்கென்ன, பெண்களுக்கு 30 சதவீதம் இருக்கு" என்றார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சமையலை முடித்துவிட்டுப் படித்தவள் நான். சுருக்கென்று தைத்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் அவரிடம்தான் கற்றேன். ஆனால் என் இலக்கணக் குறிப்பு நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டு, அவர் தேடியபோது "தெரியலையே" என்றேன். அது தப்பு. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்பதில்லை.

ஜூன் 9 தேர்வு முடிந்து விடைக்குறிப்பு வந்தது. 200க்கு எனக்கு 172 சரி. அவர் தன் வினாத்தாளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "ஒளிச்சுதாங்க வச்சிருந்தேன்." அவர் அதைப் புரட்டவில்லை. "166" என்று மட்டும் சொன்னார். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண்; ஆறு கேள்வி என்றால் ஒன்பது மதிப்பெண். அந்த ஒன்பதுக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று இருவருக்குமே தெரியும்.

அக்டோபர் 28 அன்று ரிசல்ட். அப்புறம் கலந்தாய்வுக்கு எனக்கு மட்டும் அழைப்பு வந்தது. சென்னைக்கு அவரும் வந்தார், என் சான்றிதழ் ஃபைலைத் தோள்பையில் போட்டுக்கொண்டு. இளநிலை உதவியாளர் இடம் கிடைத்ததைச் சொன்னதும் சிரித்தார்; கண் கலங்கியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

2025 ஜூலை 12 அன்று அவர் மறுபடி எழுதினார். அதற்கு முன் ஆறு மாதம் தினமும் ராத்திரி நான் கேள்வி கேட்டேன். மதிப்பெண்ணை மட்டும் அவராகச் சொன்னால் ஒழியக் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். விடைக்குறிப்பு வந்த அன்று வினாத்தாளையும் சிவப்புப் பேனாவையும் என் கையில் கொடுத்தார்.

"நீயே திருத்து."