ஐந்து விண்கற்கள், ஒரு எக்செல் தாள்: பூமியின் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்

பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று நிலைநாட்டியவர் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1956-இல் வந்த அவருடைய கட்டுரையின் முக்கியமான அளவீடுகள் ஒரு அஞ்சலட்டைக்குள் அடங்கிவிடும். ஐந்து விண்கற்களில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறான அணு வகை) விகிதங்கள், அவ்வளவுதான். இவ்வளவு கொஞ்சம் எண்களிலிருந்து அவ்வளவு பெரிய எண் எப்படி வருகிறது என்று வீட்டுக் கணினியிலேயே போட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

அதற்கு முன் அரை ஆயுள், அதாவது கதிரியக்க அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், கைக்குப் பிடிபட வேண்டும் என்று புளியங்கொட்டையில் ஆரம்பித்தேன். தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கம் தேய்த்து வைப்போமே, அதே கொட்டை. ஒரு கிண்ணம் நிறையத் தேய்த்து எடுத்துக்கொண்டேன். குலுக்கிக் கொட்ட வேண்டும். வெள்ளை மேலே விழுந்ததெல்லாம் சிதைந்த அணு, ஒதுக்கிவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி குலுக்க வேண்டும். பாடப்புத்தகங்களில் இதையே நாணயத்தை வைத்துச் செய்யச் சொல்வார்கள், பாதிக்குப் பாதி விழும். புளியங்கொட்டை அப்படி விழாது. என் கொட்டைகளில் வெள்ளை பாதிக்குக் குறைவாகவே விழுந்தது. ஆகவே எத்தனை குலுக்கலுக்குக் கொட்டை பாதியாகிறது என்பதை முதலில் அளந்துதான் ஆக வேண்டும். அளந்துவிட்டால், நான் பார்க்காதபோது வேறொருவர் எத்தனை முறை குலுக்கினார் என்பதை மிச்சத்தை எண்ணியே ஓரளவு சொல்லிவிடலாம். ஏழெட்டுக் கொட்டைதான் மிஞ்சியது என்றால் சொல்வது வெறும் ஊகம். கார்பன்-14-க்கு அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அது கைவிரிப்பது இதனால்தான். டைனோசர் எலும்பைக் கார்பனை வைத்து அளந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பூமிக்கு வேண்டியது மெதுவாகச் சிதையும் சரக்கு. யுரேனியம்-238 பாதியாக 446.8 கோடி ஆண்டுகள் ஆகும், கடைசியில் ஈயம்-206 ஆகிறது. யுரேனியம்-235 பாதியாக 70.38 கோடி ஆண்டுகள், அது ஈயம்-207 ஆகிறது. ஈயம்-204 எதிலிருந்தும் புதிதாக உண்டாவதில்லை. ஆதியில் இருந்ததுதான் இன்றும். அதனால் மற்ற இரண்டையும் 204-ஆல் வகுத்து எழுதுகிறார்கள்.

பூமியின் பாறையையே அளக்கலாமே என்றால், ஆரம்பகாலப் பாறை எதுவும் நம் கையில் இல்லை. கனடாவின் அகாஸ்டா நைஸ் பாறைக்குச் சுமார் 400 கோடி ஆண்டுகள், ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் சிர்கான் படிகங்களில் மிகப் பழையதற்குச் சுமார் 440 கோடி. அதற்கு முந்தியது உருகியும் புதைந்தும் போய்விட்டது. விண்கற்கள் அப்படி அலைக்கழிக்கப்படாதவை. பேட்டர்சன் அவற்றைத் தேடிப்போனது அதனால்தான்.

அவர் தந்த எண்கள் இவை. முதலில் 206/204, அடுத்தது 207/204.

நுவோ லாரெடோ, மெக்சிகோ: 50.28, 34.86
ஃபாரஸ்ட் சிட்டி, அயோவா: 19.27, 15.95
மோடாக், கான்சஸ்: 19.48, 15.76
ஹென்பரி, ஆஸ்திரேலியா: 9.55, 10.38
கேன்யன் டயாப்லோ, அரிசோனா: 9.46, 10.34

கடைசி இரண்டும் இரும்பு விண்கற்கள். அரிசோனாவில் அந்தப் பெரிய பள்ளத்தைத் தோண்டிய கல்லின் துண்டுதான் கேன்யன் டயாப்லோ. அதில் பேட்டர்சன் எடுத்துக்கொண்டது ட்ராய்லைட் என்ற இரும்பு சல்ஃபைடு. அதில் யுரேனியம் இல்லை என்றே சொல்லலாம். எனவே அதில் இருக்கும் ஈயம் சூரியக் குடும்பம் பிறந்தபோது இருந்த ஈயம், அப்படியே. மற்ற கற்களும் அதே ஈயத்தோடுதான் தொடங்கின; யுரேனியம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்கு 206-உம் 207-உம் கூடிக்கொண்டே போயின. 206/204-ஐக் குறுக்காகவும் 207/204-ஐ நெடுக்காகவும் வைத்து ஒவ்வொரு கல்லையும் ஒரு புள்ளியாகக் குறித்தால், எல்லாம் ஒரே சமயத்தில் உருவாகியிருந்தால் புள்ளிகள் ஒரே கோட்டில் விழ வேண்டும். கோட்டின் சாய்வு காலத்தை மட்டுமே பொறுத்தது. எந்தக் கல்லில் எவ்வளவு யுரேனியம் என்று அளக்கவே தேவையில்லை! இந்த இடம் புரிந்தபோது உண்மையிலேயே எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

எக்செலில் புள்ளிகளை வைத்துக் கோடு போட்டதும் சாய்வு 0.6026 என்று வந்தது. இதைக் காலமாக மாற்ற நேரடிச் சூத்திரம் கிடையாது. ஒரு பத்தியில் காலத்தை 400 கோடியிலிருந்து 500 கோடி வரை ஒவ்வொரு கோடியாக ஏற்றினேன். காலத்தை 70.38-ஆல் வகுத்து, 2-இன் அடுக்காகப் போட்டு, ஒன்றைக் கழிக்க வேண்டும்; 446.8-க்கும் அதேபோல். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, மறுபடி 137.88-ஆல் வகுத்தால் அந்தக் காலத்துக்குரிய சாய்வு. (137.88 என்பது இன்று இயற்கையில் ஒரு 235 அணுவுக்கு இருக்கும் 238 அணுக்கள்.) 451 கோடிக்கு 0.6008, 452 கோடிக்கு 0.6050. நம்முடையது நடுவில், 451.4 கோடி.

சரி, 455 எங்கே?

பேட்டர்சன் தந்த சாய்வு 0.59, என்னுடையதை விடக் குறைவு. குறைந்த சாய்வு குறைந்த வயதைத்தான் தர வேண்டும். என் தாளில் 0.59-க்கு எதிரே 448 கோடி இருக்கிறது. அவருக்கு எப்படிக் கூடுதலாக வந்தது? விடை அரை ஆயுளில் இருந்தது. அவர் காலத்தில் 238-க்கு ஏறத்தாழ 451 கோடி, 235-க்கு 71.3 கோடி என்று வைத்திருந்தார்கள். அவற்றைப் போட்டதும் 0.59 அப்படியே 455 கோடியில் போய் உட்கார்ந்தது. நாம் இன்று பயன்படுத்தும் அரை ஆயுள்கள் 1971-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் அளந்தவை. 1953-இல் பேட்டர்சன் கேன்யன் டயாப்லோ ஈயத்தை அளந்ததும் அதே ஆய்வகத்தின் கருவியில்தான். கல் அதே, சாய்வு அதே, வயது மட்டும் ஏழு கோடி நகர்ந்துவிட்டது. 137.88-கூட இப்போது 137.818 என்று திருத்தப்பட்டிருக்கிறது. அதை மாற்றினால் ஆறேழு லட்சம் ஆண்டுதான் குறைகிறது, என் தாளில் கண்ணுக்கே தெரியாது. அரை ஆயுளை மாற்றினால்தான் அடி பலம்.

அப்புறம் ஒரு குறும்பு செய்து பார்த்தேன். நுவோ லாரெடோவை நீக்கிவிட்டுக் கோடு போட்டால் சாய்வு 0.5564, வயது 440 கோடியாக இறங்கிவிடுகிறது. தனியாகத் தூரத்தில் நிற்கும் அந்த ஒரு புள்ளிதான் கோட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. மோடாக் கோட்டுக்குக் கீழே தொங்குவது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. இன்றைய பூமியின் சராசரி ஈயமாக ஸ்டேசி, கிராமர்ஸ் இருவரும் 1975-இல் கணித்தது 18.70, 15.63. மோடாக்கும் ஃபாரஸ்ட் சிட்டியும் இதற்குப் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்தால், நம் ஊர்த் தூசி ஈயம் கொஞ்சம் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. தூசிதான் பேட்டர்சனின் பெரும் எதிரி. ஈயம் புகாத ஆய்வறை ஒன்றைக் கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கட்டிக்கொண்டார். இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய், பெட்ரோலில் கலந்த ஈயத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000-இல்.

பூமி இதில் எங்கே வருகிறது என்பது கடைசிக் கேள்வி. விண்கல்லின் வயதுதானே வந்தது? பேட்டர்சன் பசிபிக் கடலடி வண்டலின் ஈயத்தை எடுத்து, அது விண்கற்களின் கோட்டிலேயே விழுகிறது என்று காட்டினார். நான் மேலே சொன்ன 18.70-ஐப் போட்டுப் பார்த்தேன். என் கோடு அங்கே 15.71 என்கிறது, இருப்பது 15.63. சற்றுக் கீழே, ஆனால் ஒட்டித்தான். பூமியும் அதே ஈயத்தோடு, ஏறத்தாழ அதே காலத்தில் தொடங்கியது என்று ஏற்க எனக்கு இது போதும்.

1969-இல் மெக்சிகோவில் விழுந்த அலெண்டே போன்ற கற்களின் வெள்ளைத் துணுக்குகளிலிருந்து சூரியக் குடும்பத்துக்கு இப்போது சொல்லும் வயது 456.7 கோடி. என் 451.4 அதற்குச் சுமார் ஒரு சதவீதம் குறைவு. எழுபது ஆண்டுப் பழைய எண்களுக்கும் என் கைக்கோட்டுக்கும் இது மோசமில்லை.

அடுத்து ருபிடியம்–ஸ்ட்ரான்ஷியம் முறையை எடுத்திருக்கிறேன். அங்கே ருபிடியம்-87-க்கு 4,880 கோடி ஆண்டுகள், 4,961 கோடி ஆண்டுகள் என்று இரண்டு அரை ஆயுள்கள் கட்டுரைகளில் சுற்றுகின்றன. தாளைத் திறந்தவுடனேயே இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டுவிட்டேன்.