பள்ளி திறக்குமுன் பாட்டு வகுப்பு: முதலில் சுருதியைக் கவனியுங்கள்

மலேசியாவில் 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரிக்கு வந்துவிட்டது. கெடா மாநிலத்தில் 2026 பள்ளித் திறப்பு ஜனவரி 11, ஞாயிறு. பாடாங் செராய் போன்ற தோட்டப்புற ஊர்களில் வீட்டுக் கூடத்தில் பாட்டும் வயலினும் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு டிசம்பரின் கடைசி இரண்டு வாரம்தான் கையில் இருக்கிறது. அட்டவணை போடுவதும் கட்டண அட்டை அடிப்பதும் ஒரு மாலை வேலை. சுருதி சரியாக நிற்கும்படி அறையையும் வாத்தியத்தையும் பிள்ளைகளையும் அமைப்பதற்குத்தான் நாள் பிடிக்கும். அதைத் தள்ளிப்போட்டால் முதல் மாதம் முழுக்க அதிலேயே கரைந்துபோகும்.

அறையின் நடுவில் நின்று ஒரு தாளம் தட்டிப்பாருங்கள். தட்டியபின் ஓசை இழுத்துக்கொண்டே போனால் அந்த அறையில் தம்பூரா ஒலி குழம்பும். பிள்ளைகளுக்குத் தங்கள் குரல் சேர்கிறதா விலகுகிறதா என்று தெரியாது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் தரை ஓடு, சுவர் வெறும் சிமெண்டு, அதனால் இது எல்லார் வீட்டிலும் உண்டு. தடித்த திரை ஒரு சுவர் முழுக்க, தரையில் பாய்க்குக் கீழே ஒரு கம்பளம், எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி, இவ்வளவு போதும். செம்பனைக்குலை லோரி போகும் சாலைப் பக்கம் பிள்ளைகளின் முதுகு இருக்கட்டும். முன்வாசல் தகரக் கொட்டகையில் மழை இறங்கினால் பாட்டு கேட்காது. அந்த அரைமணிக்கு சுரம் எழுதுவது, தாளம் போடுவது என்று ஒரு வேலையை முன்பே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வயலின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும். ஒரு மாதம் இருட்டில் மூடிக்கிடந்த பெட்டியில் சின்னப் பூச்சிகள் சேர்ந்து வில்லின் முடியை அரித்துவிடும். வில்லை எடுத்ததும் முடி கொத்தாக அறுந்து தொங்கினால் காரணம் பெரும்பாலும் அதுதான். பெட்டியைத் துடைத்து, உள்துணியைத் தூசியுறிஞ்சியால் இழுத்து, அரை நாள் வெயிலில் திறந்து வையுங்கள். வெயில் பெட்டிக்கு மட்டும்தான். வயலினைக் காட்டினால் பசை விட்டுவிடும்.

அடுத்தது குதிரை, அதாவது வயலினின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு. சுருதி கூட்டக் கூட்ட தந்தி அதன் தலையை விரல் பலகைப் பக்கம் இழுத்துக்கொண்டே வரும். பக்கவாட்டில் பார்த்தால், குதிரையின் இரண்டு முகங்களில் தந்தி கட்டியிருக்கும் வால்பக்கம் பார்த்த முகம் வயலினின் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். சாய்ந்திருந்தால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கை விரலாலும் பிடித்து மெல்ல நிமிர்த்துங்கள். அப்படியே விட்டால் குதிரை வளைந்துபோகும், ஒருநாள் படாரென்று விழும். தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டபிறகே அடுத்ததைத் தொடவேண்டும். நாலையும் ஒரே நேரத்தில் கழற்றினால் உள்ளே நிற்கும் சிறு மரத்தண்டு சாய்ந்துவிடும். அதை நிறுத்த கைதேர்ந்த ஆளிடம்தான் போகவேண்டும். பிருடை (தந்தியை முறுக்கும் திருகு) நிற்காமல் வழுக்கினால் கொஞ்சம் சாக்குத் தூள், ஊறித் திருகமுடியாமல் இறுகினால் பிருடைக்கென்றே விற்கும் மெழுகு.

மர வாத்தியத்துக்கு 45 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் நல்லது. நம் வீடுகளில் 80 சாதாரணம். ஒரு சின்ன ஈரப்பத மானி வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். பெட்டிக்கு ஒரு சிலிக்கா ஜெல் பை, நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி போடலாம். வடக்கே ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள் என்பதால் ஈரத்தில் தளர்ந்திருந்த மிருதங்கத்தின் சுருதி தானாகவே ஏறும். டிசம்பரிலேயே வாரை இழுத்துத் தட்டி 5 கட்டைக்கு (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) ஏற்றி வைத்தால் ஜனவரி நடுவில் அது அதற்கும் மேலே போய் நிற்கும். பள்ளி திறந்த வாரத்தில் இழுத்தால் போதும். வீணையில் மெட்டுகள் (தந்திக்குக் கீழே வரிசையாக நிற்கும் உலோகக் கம்பிகள்) பதிந்திருக்கும் மெழுகு வெயிலில் இளகும், ஆகவே அது சன்னலோரம் இருக்கக்கூடாது.

சுருதிப்பெட்டியையும் நம்பிவிடாதீர்கள். குமிழ் திருகும் பழைய பெட்டி 5 கட்டை என்று காட்டும், ஒலி கொஞ்சம் விலகியிருக்கும். கைப்பேசியில் சுருதி அளக்கும் ட்யூனர் செயலி வைத்து, 5 கட்டைக்கு மேற்கத்திய ஸ்வரப் பெயரான ஜி (G) காட்டுகிறதா என்று பாருங்கள். கைப்பேசியிலேயே தம்பூரா ஓடவிடுபவர்கள் அதை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

இனி பிள்ளைகள். பள்ளி ஆண்டை வைத்துப் பிரிப்பதைவிடக் கட்டையை வைத்துப் பிரிப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளையும் ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் ஒரே கட்டையில் இருந்தால் ஒன்றாக உட்காரலாம். ஒரே வகுப்புத் தோழிகள் இருவர் ஒரு கட்டைக்குமேல் விலகியிருந்தால் ஒருத்தி எப்போதும் கத்திக்கொண்டிருப்பாள், அல்லது முனகிக்கொண்டிருப்பாள். பார்ப்பது சுலபம். சுருதி வைக்காமல் தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லி எங்கே நிற்கிறாள் என்று கவனியுங்கள். பிறகு 5 கட்டை வைத்து ஸ, ப, மேல் ஸ பாடட்டும். கழுத்து நரம்பு புடைத்தால் அரைக்கட்டை இறக்குங்கள், கீழ் ஸ காற்றாகிப் போனால் அரைக்கட்டை ஏற்றுங்கள். குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யவேண்டும். அந்தக் காலத்தில் மேல் ஸ்தாயி (மேல் ஸவும் அதற்கு மேலும்) கேட்காதீர்கள், பையன் வெட்கப்பட்டு நின்றுவிடுவான். தொடக்கப் பாட்டுப் பிரிவுக்கு ஆறு பேர், வயலினுக்கு நாலு பேர், அதற்குமேல் வேண்டாம். இரண்டு வகுப்புக்கு நடுவே பத்து நிமிடம் விடுங்கள். வயலின் சுருதி கூட்டவே அது சரியாகப் போகும்.

பாடத்தாளை நகலெடுக்குமுன் மூலத்தைப் பாருங்கள். நகலின் நகலில் முதலில் அழிவது, ஸ்வரம் எந்த ஸ்தாயி என்று காட்டும் புள்ளிதான். மேலே புள்ளி போன ஸ்வரத்தைப் பிள்ளை மத்திய ஸ்தாயியில் பாடும், வீட்டில் ஒரு வாரம் அப்படியே பழகிக்கொண்டும் வரும். தொடக்க ஸ்வரப் பயிற்சிகளான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் கறுப்புப் பேனாவால் புதிதாக எழுதி, புள்ளியை அழுத்தி வையுங்கள். தேசியப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிப்பு ஓடாது. அவர்களுக்கு ரோமன் எழுத்தில் ஒரு தாள் தனியே.

2026இல் பிப்ரவரி 1 தைப்பூசம், 17 சீனப்புத்தாண்டு. முதல் ஆறு வாரத்தில் முழு வகுப்பு நாலுதான் தேறும் என்று கணக்கு வைத்து, புதியவர்களுக்குச் சரளியின் முதல் சில வரிசைகளோடு நிறுத்துங்கள். கோயிலில் தேவாரம் பாட அழைப்பு வந்தால் அந்தந்தப் பிரிவு அதனதன் கட்டையில் தனியாகப் பாடட்டும். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் 5 கட்டையில் எடுப்பார்கள், பெரிய பையன்கள் இரண்டாவது அடியிலேயே விலகிவிடுவார்கள்.