இடது கைப்பக்கம் கடல்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. திருவான்மியூரில் வண்டியைத் தெற்கே திருப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்தபோது மணி ஆறு. அன்றைக்கு ஒரே ஒரு கணக்குதான் எடுப்பதாக இருந்தேன். கிழக்கு கடற்கரைச் சாலையில் வண்டியை விட்டு இறங்காமல் கடலை எத்தனை இடத்தில் பார்க்க முடிகிறது? கூட நாலு பேர் வந்திருந்தால் இந்தக் கிறுக்குக்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள். டீ, போட்டோ, மறுபடி டீ என்று பொழுது போயிருக்கும். அதனால்தான் தனியாக.

தெற்கே போகும்போது கடல் இடது பக்கம். நாம் ஓட்டுவதும் இடது பக்கம். நமக்கும் கடலுக்கும் நடுவே எதிரே வரும் வண்டிகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் மதில்தான். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று ஊர்ப்பலகை மாறுகிறதே தவிர மதில் மாறவில்லை. மேலே காகிதப்பூ, அதற்கும் மேலே கம்பிச்சுருள், கேட்டில் நாய் படம். நடுநடுவே கார் ஷோரூம், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம். கடல் அந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி, குறுக்குத் தெரு வரும்போதெல்லாம் இடது தோளில் வந்து இடிக்கும் வாடைக்காற்று. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டால் உதட்டில் உப்பு.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தேன். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த கலைஞர்களும் கைவினைப் பொருட்கள் விற்ற காசில் இங்கே நிலம் வாங்கினார்கள். காசில்லாத ஓவியர்கள் கடலோரத்தில் மனை வாங்க முடிந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது! இன்று அதே வரிசையில் ஒரு கேட் வாங்கவே கடன் போடவேண்டியிருக்கும்.

பனையூர்ப் பக்கம் ஒரு விடுதி வாசலில் நிறுத்தி, பீச்சுக்கு வழி உண்டா என்று கேட்டேன். "இது பிரைவேட் சார்" என்றார் காவலாளி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் சம்பளத்துக்கு நிற்கிறார். உத்தண்டி சுங்கச்சாவடியில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. கார்கள் வரிசையில் நிற்க, ஓரமாக நழுவிப் போவதில் ஒரு அற்பச் சந்தோஷம்.

கானத்தூர் ரெட்டிக்குப்பத்தில்தான் இடது பக்கம் ஒரு சந்து நிஜமாகவே திறந்திருந்தது. உள்ளே விட்டேன். தார் முடிந்து மணல் தொடங்கும் இடம் தெரியாமல் முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி அப்படியே சாய்ந்தது. வேகம் இல்லாததால் முட்டியில் சிராய்ப்பு, மானத்தில் கொஞ்சம் சேதம். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து பின்னால் பிடித்துத் தூக்கினார்.

"மணலாண்ட முன் பிரேக் புடிப்பாங்களா சார்? ஒண்டியா வந்துக்கினியா?"

ஆமாம் என்றேன். தண்ணீர் கொடுத்தார். எதிரே ஃபைபர் போட்டுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கிடந்தன. ஏன் இப்படி நெருக்கமாக என்று கேட்டதற்குக் கையை இரண்டு பக்கமும் காட்டினார். "அங்க ஒரு காம்பவுண்டு, இங்க ஒரு காம்பவுண்டு. முன்ன எங்க கரை ஏத்துனாலும் ஏத்தலாம். இப்ப எல்லாரும் இங்கதான் இஸ்துக்கினு வரணும்." 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு, ஓத நீர் ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு என்று வைத்தது. ஊர்ப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது. 2019 அறிவிப்பில், மக்கள் நெருக்கம் அதிகமான ஊர்ப்புறத்துக்கு அந்த 200 என்பது 50 ஆகச் சுருங்கியது. இதை அவரிடம் சொல்லவில்லை. அவர் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே வலை பின்னுகிறவர்.

முட்டுக்காடு பாலத்தில்தான் முதல் கோடு போட்டேன். சாலையிலிருந்தே கழிமுகமும் அதற்கு அப்பால் வெள்ளை நுரையும் தெரிகிற இடம். ட்ரிப் மீட்டரில் ஏறக்குறைய 20 கி.மீ. கடற்கரைச் சாலை என்று பெயர் வைத்த ஒன்றில், கடலைப் பார்க்க அவ்வளவு தூரம்! பாலத்தின் மேல் தடுக்க எதுவும் இல்லாததால் காற்று வண்டியை வலது பக்கம் தள்ளியது. உடம்பைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்தே ஓட்டவேண்டியிருந்தது.

கோவளம், வடநெம்மேலி முதலைப் பண்ணை, கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலை. அதன் பிறகு சவுக்குத் தோப்புக்கு நடுவே கீற்றுக் கீற்றாகக் கடல் தெரிந்தது. இங்கே மூன்று கோடு.

சாளுவன்குப்பத்தில் கணக்கை மறந்துவிட்டு இறங்கினேன். புலிக்குகைக்கு எல்லாரும் போகிறார்கள். கொஞ்சம் வடக்கே இருக்கும் முருகன் கோயிலுக்கு ஆள் இல்லை. 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபோது பாறையில் கல்வெட்டுகள் வெளியே வந்தன. அதைத் தொடர்ந்து 2005இல் தோண்டியதில் இந்தக் கோயில் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். கடல் மூடிவைத்ததைக் கடலே திறந்து காட்டியிருக்கிறது. செங்கல்லின் பரப்பைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். மாமல்லபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நிற்கவில்லை.

கல்பாக்கம், பாலாறு தாண்டியதும் மதில்கள் உதிர்ந்து வயலும் பனையுமாக மாறிவிடுகிறது ஊர். கடப்பாக்கத்தில் இடதுபக்கம் திரும்பி ஆலம்பரைக் கோட்டைக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது, 1760இல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள். மிச்சம் இருப்பது உடைந்த செங்கல் மதில்தான். அந்த உடைப்பு வழியாகக் கழியும் மணல்திட்டும் அதற்கப்பால் கடலும் ஒரே மட்டமாகத் தெரிந்தன. வண்டியில் இருந்தபடி பார்க்கவில்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. கொண்டுபோன புளிசாதத்தை அங்கே உட்கார்ந்துதான் தின்றேன்.

போகும்போது மொத்தம் ஏழு கோடு. திரும்பும்போது எண்ணவில்லை. இருட்டிவிட்டது, கடலும் வலப்பக்கம் போய்விட்டது, எதிர்விளக்குகள் கண்ணைக் கூசின. முட்டுக்காடு பாலத்தில் மட்டும் காற்று மறுபடி வண்டியைத் தள்ளியது, இந்தத் தடவை இடது பக்கம்.