வடித்த கஞ்சியோடு போகும் பி1

கலர் கலராக வைட்டமின் மாத்திரை வாங்கி வைத்திருக்கும் ரங்கூன் வீட்டிலும் வடித்த கஞ்சி சாக்கடைக்குத்தான் போகிறது. வேளைக்கு வேளை வெள்ளைச் சோறு உண்ணும் பர்மாவில் முதலில் பார்க்க வேண்டியது பி1, அதாவது தயமின். பெரியவர்களுக்கு நாளைக்குச் சுமார் 1.2 மில்லிகிராம் போதும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 1.4. உடம்பில் உள்ள இருப்பு இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும். தீர்ந்தால் பெரிபெரி: கால் மரக்கும், வீங்கும், இதயம் தளரும்.

பி1 பெரும்பாலும் தவிட்டோடு இருக்கிறது. தீட்டாத அரிசி 100 கிராமில் சுமார் 0.4 மி.கி.; பளபளவென்று தீட்டிய பச்சரிசியில் 0.07 அளவுதான். அதையும் நாலு தண்ணீர் கழுவிக் கஞ்சி வடித்தால் என்ன மிஞ்சும்? புழுங்கலில், நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதே தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அவ்வளவு போவதில்லை. 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளிகளைப் பெரிபெரி வாட்டியபோது, புழுங்கல் உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். இட்லிக்கு மட்டும் புழுங்கல், சோற்றுக்குப் பச்சரிசி என்பது எனக்குத் தலைகீழாகப் படுகிறது.

பச்சரிசியை விட முடியாதவர்கள் ஒரு முறை அலசி, டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துச் சிறுதீயில் வற்றவிடுங்கள். குழைந்தால் அடுத்த முறை கால் டம்ளர் குறையுங்கள், வடிக்காதீர்கள். புழுங்கலுக்கு மூன்று டம்ளர் வேண்டும், ஊறிய தண்ணீரிலேயே வேகட்டும். தீட்டாத அரிசியில் தவிட்டெண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

காலையில் பேபியோ, அதாவது அவித்த பட்டாணி, நல்ல துணை. சீக்கிரம் வேக வேண்டுமென்று பட்டாணியில் சமையல் சோடா போட்டால் மட்டும் பி1 அழியும். வேர்க்கடலை, எள், உண்பவர்களுக்குப் பன்றிக்கறி எல்லாம் உதவும். சாப்பிட்ட கையோடு லப்பெட் (புளிக்கவைத்த தேயிலை), கெட்டித் தேநீர், பாக்கு வேண்டாம். அவற்றின் துவர்ப்புச் சத்து பி1-ஐக் கெடுக்கிறது. லப்பெட்டில் எலுமிச்சை பிழிவது நல்லது, வைட்டமின் சி அந்தக் கெடுதலைக் குறைக்கும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று வெறும் சோறும் உப்பும் கொடுப்பதுதான் ஆபத்து. தாய்க்கு இல்லாத பி1 பாலிலும் இராது. இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்க மறுத்து, குரல் கம்மி அழுது, மூச்சு வாங்கினால் ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்க்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள், தாயின் பத்தியத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பி1 குறைவுதான் காரணம் என்றால் தயமின் ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே மாற்றம் தெரியும். தாய்க்கும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.