குழாயிலிருந்து உருவிய கம்பி

பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கம்பியின் மேல்பூச்சு உரிந்தால் மோட்டார் கருகும், மறுபடி கட்டினால் போச்சு. விமானத்தில் அதே உரசல் எங்கே கொண்டுபோய் விடும் என்று மீனம்பாக்கம் ஹேங்கரில் முதல் ஏ.டி. வேலை பார்த்தபோதுதான் உறைத்தது.

ஏ.டி. என்றால் ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ், விமானப் பாதுகாப்புக்காகப் போடும் கட்டாய உத்தரவு. சொன்ன கெடுவுக்குள் முடிக்காத விமானம் பறக்கக் கூடாது. எங்களுக்கு வந்தது எரிபொருள் பம்புக்குப் போகும் கம்பிகளைப் பற்றியது. அவை டேங்குக்குள் ஓடும் உலோகக் குழாய் வழியாகப் போகின்றன. 1996இல் டி.டபிள்யூ.ஏ. 800 என்ற அமெரிக்கப் பயணிகள் விமானம் வானிலேயே வெடித்து 230 பேர் இறந்தார்கள். நடு டேங்கில் இருந்த எரிபொருள் ஆவி தீப்பற்றியதுதான் காரணம். அதற்குப் பிறகு டேங்கை ஒட்டிய ஒவ்வொரு கம்பியையும் உலகமே சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தது. 1998இல் பழைய போயிங் 737களில் இதே பம்புக் கம்பிகளைச் சோதிக்க அமெரிக்கா அவசர உத்தரவு போட்டது.

சீரியல் நம்பர், பழைய பதிவுகள் என்று காகித வேலையில் அரை நாள் போனது. அப்புறம் பேட்டரியைக் கழற்றி, சர்க்யூட் பிரேக்கர்களை இழுத்து, சிவப்பு டேக் மாட்டினோம்.

கம்பியை மெதுவாக உருவினேன். வழவழவென்று வந்துகொண்டே இருந்தது, ஓரிடத்தில் மட்டும் விரலில் நெருடியது. டார்ச் அடித்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், நகம் அளவுக்கு மங்கலான தேய்மானம். செம்பு தெரியவில்லை. எனக்கு அது பெரிதாகவே படவில்லை. இன்ஜினியர் சார் மட்டும், "தம்பி, இந்தக் கம்பி மறுபடி உள்ளே போகாது" என்றார். புதுக் கம்பி வர இரண்டு நாள். விமானத்தை எப்போது விடுவீர்கள் என்று போன் மேல் போன். அவர் அசையவில்லை. அந்த இரண்டு நாள் பொறுமைக்காகவே அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

புதுக் கம்பிக்கு டெஃப்லான் உறை போட்டு நுழைத்தோம். இன்சுலேஷன் சோதனை, பாண்டிங் (உலோகப் பாகங்களுக்கு இடையிலான மின் இணைப்பு) அளவு, பம்பை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் சரியாக வந்தது. வேறொரு இன்ஜினியர் தனியாக வந்து மறுபடி பார்த்த பிறகுதான் கையெழுத்து.

விடிகாலை முதல் மெட்ரோவில் வீடு வந்து அப்பாவிடம் சொன்னேன். எவ்வளவு வோல்ட் என்றார். 115, மூன்று பேஸ் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செம்பு தெரிஞ்சுதாடா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. அதுக்குள்ள மாத்திட்டோம்."