ஆயிரம் பொற்கொல்லர்களுக்காக யார் பேசுவது?

பதினொன்றாம் வகுப்புக்கு வாதம் செய்யக் கற்றுத்தர வேண்டும் என்று ஆரம்பித்து, முதல் இரண்டு வாரம் பட்டிமன்றம்தான் நடந்தது. பிள்ளைகள் அருமையாகப் பேசினார்கள், கைதட்டலும் கிடைத்தது. ஆனால் எதிரணி என்ன சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்புறம்தான் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கையில் எடுத்தேன். அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னதால் கொல்லப்பட்ட கோவலனுக்காக, அவன் மனைவி கண்ணகி பாண்டியன் அவையில் வாதாடும் பகுதி அது.

‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ என்கிறான் பாண்டியன். கண்ணகி அந்த நீதியை மறுக்கவே இல்லை. கோவலன் கள்வனா என்பதற்கு வழக்கைத் திருப்புகிறாள். என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே இருக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள். எங்களுடையது முத்து என்கிறான் அரசன். இரண்டு பேரும் சிலம்பை உடைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தக் காதையிலேயே உயர்ந்த இடம் இதுதான்.

இதைப் புரியவைக்க இரண்டு தீப்பெட்டி கொண்டுபோனேன். ஒன்றில் புளியங்கொட்டை, இன்னொன்றில் குன்றிமணி. ஒரு பையன் குலுக்கிப் பார்த்தான், லேசாகத் திறந்தான், ‘குன்றிமணி, நான் நினைச்சேன்’ என்றான். வகுப்பே கத்தியது: ‘முதல்ல சொல்லணும், அப்புறம்தான் திறக்கணும்!’ சரி, இனி நான் விளக்க எதுவும் இல்லை என்று கரும்பலகையைத் துடைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து வகுப்பில் ஒரே விதி. எதிராளி சொன்னதை நீ திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ‘ஆமா, அதான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே உன் முறை. பேச்சு பாதியாகக் குறைந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

போன வாரம் சிலப்பதிகாரத்தில் உள்ள உரைபெறு கட்டுரை என்ற உரைநடைப் பகுதிக்கு வந்தோம். அந்தப் பாண்டியன் இறந்த பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை, நோய். கொற்கையிலிருந்த அடுத்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் 1000 பேரைக் கொன்று கண்ணகியின் சினம் தணியச் சாந்தி செய்கிறான், மழை பெய்கிறது. கொற்கை எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அன்றைய துறைமுகம், இன்று கடல் விலகிப்போன சிற்றூர். பிள்ளைகள் சைக்கிளில் போகிற தூரம்தான்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பாவுக்கு நகைப் பட்டறையில் வேலை.

‘ஐயா, ஏமாத்தினது ஒரு கொல்லன்தானே? மத்தவங்க என்ன செஞ்சாங்க?’

பல வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அந்த வரியில் ஒருநாளும் நான் நின்றதில்லை. அன்று நின்றேன்.

முன் பெஞ்சிலிருந்து ஒருவன், ‘அதுக்கப்புறம் மழை பெஞ்சுதே, நாடு பிழைச்சுதே’ என்றான். ஒரு பெண் விதியை மறக்காமல் தொடங்கினாள்: ‘கொன்னதால மழை பெஞ்சுது, அதனால கொன்னது சரின்னு சொல்ற. அதானே?’ அவன் ‘ஆமா’ என்றான். ‘மழை பெஞ்சதால அவங்க தப்பு செஞ்சவங்கன்னு ஆயிடுமா?’ கண்ணகி செய்த அதே வேலை! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்த ஆயிரம் பேருக்காகக் காப்பியத்தில் யாரும் அரசவைக்குப் போகவில்லை. அதனால் வீட்டுப்பாடமாக, அவர்கள் பக்கம் நின்று செழியனுக்கு முன் வழக்குரைக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் மகன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். முதல் வரி: ‘தேரா மன்னா, என் அப்பாவின் கையில் இருந்தது எந்தச் சிலம்பு?’