எங்கள் பிளாசாவில் கொண்டோ: சபையின் முடிவு வரை கூடப்போன கதை

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இப்போது எந்தப் பெரிய சாலையில் போனாலும், பழைய பிளாசா (கடைத்தொகுதி) ஒன்றின் முன்னால் ரொறன்ரோ மாநகர சபையின் விண்ணப்ப அறிவிப்புப் பலகை நிற்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள பிளாசாவுக்கும் ஒன்று வந்தது. மரக்கறிக் கடை, நகைக்கடை, கொத்துரொட்டி போடும் டேக் அவுட், வருமானவரி செய்து கொடுக்கும் அலுவலகம் எல்லாவற்றையும் இடித்துவிட்டு, முப்பது மாடிக்கு மேல் இரண்டு கொண்டோ கோபுரங்கள், அதாவது அடுக்குமாடி வீடுகள், கட்டுவதுதான் திட்டம். அதற்கான சோனிங் (ஒரு காணியில் எதை, எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்ற விதி) மாற்ற விண்ணப்பம் சபையில் முடிவாகும்வரை நான் பின்தொடர்ந்தேன். இனி இந்தப் பலகையைப் பார்க்கப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

சட்டப்படி விண்ணப்பக் காணியிலிருந்து 120 மீற்றருக்குள் காணி வைத்திருப்பவர்களுக்கு அறிவிப்பு வரவேண்டும். எனக்குத் தபாலில் வந்தது. பிளாசாவில் கடை வைத்திருப்பவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். மரக்கறிக் கடை அண்ணை பலகையைப் பார்த்துத்தான் விஷயத்தை அறிந்தார். காணிக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “தங்கச்சி, இது எப்ப இடிக்கப்போறாங்கள்?” என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பலகையிலும் பதில் இல்லை, விண்ணப்பத்திலும் இல்லை.

முதல் படி, பிளானர், அதாவது விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மாநகர சபை அதிகாரி, கூட்டும் பொதுமக்கள் ஆலோசனைக் கூட்டம். எங்களுடையது இணையவழியில் நடந்தது. கவுன்சிலரும் வந்திருந்தார். கட்டப்போகிற நிறுவனமான டெவலப்பர் தரப்புக் கட்டடக் கலைஞர் அழகான படங்களைக் காட்டினார். படத்தில் மரங்கள் எல்லாம் இருபது வயது மரங்கள்.

கேள்வி நேரத்தில் பாதி, கார் நிறுத்துவது பற்றியே போனது. புதிய வீடுகளுக்கு இத்தனை பார்க்கிங் கட்டாயம் என்ற விதியை ரொறன்ரோ 2022 பெப்ரவரியிலேயே பெரும்பாலும் எடுத்துவிட்டது. விருந்தினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியவை மட்டும் இருக்கின்றன. பிளானர் இதைப் பொறுமையாகச் சொன்னார். அடுத்தவர் மைக்கை எடுத்து அதே கேள்வியைக் கேட்டார்.

அப்புறம் ஒருவர், நம்மவர்தான், வாடகைக்காரர்கள் வந்தால் ஏரியா கெட்டுவிடும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தெருவில் பேஸ்மெண்ட் வாடகையில் தொடங்காத தமிழ்க் குடும்பம் எது? யார் குடியிருப்பார்கள் என்பதைச் சோனிங் தீர்மானிக்க முடியாது என்று பிளானர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அன்று எனக்குத் தெளிவானது இதுதான். சபை தீர்மானிப்பது உயரம், அகலம், தூரம், பயன்பாடு. வீட்டு விலையோ, எந்தக் கடை திரும்பி வரும் என்பதோ அதன் கையில் இல்லை. ஆகவே “வேண்டாம்” என்று மட்டும் எழுதும் கடிதம் கோப்பில் போய்ப் படுத்துவிடும். சுரங்க ரயில் (சப்வே) வரப்போகும் இடங்களில் அடர்த்தியாகக் கட்டவேண்டும் என்பது மாகாணத்தின் கொள்கை. ஸ்காபரோவின் பழைய ஆர்டி ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டு நின்றதிலிருந்து நாமே சப்வே எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். சப்வேயும் வேண்டும், பக்கத்தில் உயரக் கட்டடமும் கூடாது என்றால் சபையில் எடுபடாது. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.

விண்ணப்பத்தோடு வந்த அறிக்கைகள் முழுவதும் மாநகர சபையின் இணையதளத்தில் இருக்கும். முகவரியைப் போட்டால் போதும். நான் எல்லாவற்றையும் வாசிக்கவில்லை. நிழல் ஆய்வையும் கட்டட வரைபடங்களையும் மட்டும் கவனமாகப் பார்த்தேன். மார்ச் 21, செப்டெம்பர் 21 ஆகிய நாட்களில் மணிக்கு மணி நிழல் எங்கே விழும் என்று வரைந்திருந்தார்கள். காலை இடைவேளை நேரத்தில் பள்ளிக்கூட விளையாட்டுத் திடலின் ஒரு பகுதி இருட்டாகத் தெரிந்தது. ரொறன்ரோவின் உயர்கட்டட வழிகாட்டியில் இரண்டு கோபுரங்களுக்கு இடையே குறைந்தது 25 மீற்றர் இருக்கவேண்டும் என்று உள்ளது. வரைபடத்தில் அதற்கும் குறைவு. பக்க எண்ணோடு இந்த இரண்டையும், கடைகள் பற்றிய ஒன்றையும் பிளானருக்கு எழுதினேன். பதில் இரண்டு வரியில் வந்தது. ஆனால் திருத்திய வரைபடங்கள் வந்தபோது கோபுரங்கள் விலகியிருந்தன, ஒன்றின் உயரமும் குறைந்திருந்தது. என் கடிதத்தால்தான் என்று சொல்லமாட்டேன். பிளானர்களும் அதைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள்.

கடைகள் விஷயம்தான் கடினம். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ள கட்டடத்தை இடித்தால், பதில் வீடுகள் கட்டவேண்டும், குடியிருந்தவர்கள் திரும்பிவர உரிமை உண்டு என்று ரொறன்ரோவில் சட்டம் இருக்கிறது. கடை வாடகைக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருடைய லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். சோனிங்கில் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: தரைத்தளத்தில் கடைகளுக்கென்று குறைந்தபட்சப் பரப்பளவு. நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம்.

பிளானர்களின் இறுதி அறிக்கை வந்ததும், ஸ்காபரோ சமூக சபையில் சட்டப்படியான பொதுக்கூட்டம். 20 முதல் 25 வரையான ஆறு வார்டுகளின் கவுன்சிலர்களும் அதில் இருப்பார்கள். பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே கிளார்க் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிய வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுப்பது உங்கள் பெயரோடு பொதுப்பதிவில் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்து நிமிடம் என்பது வழக்கம், ஆட்கள் கூடினால் மூன்றாக்கிவிடுவார்கள். அன்று ஆக்கினார்கள்.

மரக்கறிக் கடை அண்ணை எழுதிக்கொண்டுபோன தாளைக் கடைசியில் பார்க்கவே இல்லை. கார் ஓடாத வயதானவர்கள் நடந்துவந்து முருங்கைக்காயும் மருந்தும் வாங்கி, வரிப் படிவமும் நிரப்பிக்கொண்டு போகும் இடம் அது என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். நேரம் முடிந்து மணி அடித்தது. உடனே ஒரு கவுன்சிலர், “உங்கள் கடை எத்தனை சதுர அடி?” என்று கேட்டார். கேள்விக்குச் சொல்லும் பதில் அந்த மூன்று நிமிடத்தில் சேராது. அண்ணை அதைப் பயன்படுத்திக்கொண்டு, சிறிய கடைகளுக்கு எவ்வளவு இடம் போதும், பெரிய வங்கிக்கிளை மட்டும் வந்தால் என்ன ஆகும் என்று கதைத்துவிட்டார். அன்றைய திருத்தப் பிரேரணையில் தரைத்தளக் கடைப் பரப்பளவு சற்றுக் கூடியது. அவ்வளவுதான். ஆனால் அது சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்த கூட்டம் நகர மண்டபத்தில், முழுச் சபை. அங்கே பொதுமக்கள் பேச முடியாது. நேரலையில் பார்க்கலாம். மேயரும் 25 கவுன்சிலர்களும் இருக்கும் அவையில் பெரிய விவாதம் நடக்கும் என்று தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நிகழ்ச்சிநிரலில் உள்ளவற்றில் யாராவது ஒரு கவுன்சிலர் “நிறுத்திவை” என்று சொன்னவைதான் விவாதத்துக்கு வரும். மற்றவை மொத்தமாக ஒரே வாக்கில் நிறைவேறும். எங்கள் பிளாசாவின் பெயரைக்கூட யாரும் சொல்லாமலே முடிந்தது. பக்கத்தில் இருந்த என் மகன், “முடிஞ்சுதா?” என்று கேட்டான். அடுத்த நாள் இணையதளத்தில் “ஏற்றுக்கொள்ளப்பட்டது” என்று போட்டிருந்தது.

மேல்முறையீடு செய்யலாமே என்று பலர் கேட்டார்கள். 2024 ஜூன் முதல் அக்கம்பக்கத்தார் சோனிங் முடிவுகளை எதிர்த்து ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்குப் போகமுடியாது. டெவலப்பர் போகலாம். சபை மறுத்தாலும் போகலாம், 90 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டாலும் போகலாம். சபை மறுத்துவிட்டுத் தீர்ப்பாயத்தில் தோற்றால், பேசி வாங்கிய சிறு மாற்றங்களும் போய்விடக்கூடும். கவுன்சிலர்கள் ஏன் இவ்வளவு எளிதில் சம்மதித்துவிடுகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இது ஒருதலையான ஏற்பாடு என்பதுதான் என் அபிப்பிராயம். கட்டடம் வரட்டும், ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்கும் ஒரு கதவு இருக்கவேண்டும்.

இப்போது கோப்பு சைட் பிளான் கட்டத்தில் இருக்கிறது. நுழைவாயில், குப்பை லொறி திரும்பும் இடம், மரங்கள் போன்றவற்றை இதில் முடிவு செய்வார்கள். அதிகாரிகளே அனுமதி கொடுக்கும் கட்டம் என்பதால் வாக்கெடுப்பு இல்லை. ஆனாலும் பிளானருக்கு எழுதலாம். லொறிப் பாதை பள்ளிக்கூடப் பக்கம் வரக்கூடாது என்று நாங்கள் எழுதியிருக்கிறோம். அண்ணை லீஸை ஒரு வழக்கறிஞரிடம் காட்டினார். இடிப்பதற்கு ஆறு மாத முன்னறிவிப்பு போதும் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. புதுப்பிக்கும்போது அதை ஒரு வருடமாக்கிக் கேட்டு வாங்கிவிட்டார். டேக் அவுட்காரர் இன்னும் லீஸைத் தேடிக்கொண்டிருக்கிறார்.